மஞ்சள் அடித்த எண்

ஜூன் 3, செவ்வாய். கோவை ரயிலில்

நாங்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலை எழுதிவிடுகிறோம். இது பித்தலாட்டம். எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பயிற்சி வகுப்பே நடக்கிறது.

முறை இதுதான். ஒரு தொழிற்சாலை எங்களிடம் ஆலோசனை கேட்கும். அங்கே கால் வைப்பதற்கு முன்பே இறுதி அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் நாங்கள் தயாரித்துவிட வேண்டும். தலைப்பு, வரைபடம், பரிந்துரை எல்லாம் அதில் இருக்கும். எண் தெரியாத இடத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டு அதன்மேல் மஞ்சள் அடிக்க வேண்டும். மஞ்சள் இருந்தால் அது பொய் எண் என்று அர்த்தம். நேரில் அளந்த பிறகு உண்மையான எண்ணைப் போட்டு மஞ்சளை எடுப்போம். இதற்குப் பெயர் டம்மி ரிப்போர்ட். காகிதம் காலியாக இருந்தால் மூளையும் காலியாக இருக்கும் என்பார் ரகோத்தமன்.

ரகோத்தமன் என் மேனேஜர். எல்லாரும் அவரை ரகு என்றுதான் கூப்பிட வேண்டும், அது அலுவலக விதி. எங்களிடம் சார் கிடையாது. பயம் மட்டும் பழைய கம்பெனிகளில் இருப்பது போலவே இருக்கிறது.

பதினான்கு மாதங்களுக்கு முன் நான் சேர்ந்தபோது எழுபத்தோராவது ஆள். இப்போது முந்நூறை நெருங்குகிறோம். சென்னை பெருங்குடி அலுவலகத்தில் ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் நாற்காலி கிடைக்காது. போன வாரம் நான்கு நாள் கேன்டீன் மேசையில் உட்கார்ந்து ஒரு மருத்துவமனையின் எதிர்காலத்தைத் தீர்மானித்தேன். தூத்துக்குடியில் அம்மா சர்ச்சில் எல்லாரிடமும், "எம் மவ கம்பெனிக்காரங்களுக்கு புத்தி சொல்லுத வேல பாக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வயது இருபத்தைந்து. எனக்கே புத்தி போதவில்லை.

இம்முறை கோவையில் ஒரு மோட்டார் பம்ப் தொழிற்சாலை. 28ஆம் இருக்கை. ஈரோடு தாண்டுவதற்குள் நாற்பத்து நான்கு பக்கங்களையும் நிரப்பிவிட்டேன். கூட வேலை செய்யும் நஸ்ரின் போனில், "யோசிக்காத, எதையாச்சும் போட்டு மஞ்சள் அடி" என்றாள். அப்படியே செய்தேன். ரயிலில் கொடுத்த உப்புமா நன்றாக இருந்தது.

ஜூன் 4, புதன். கோவை

வைண்டிங் பிரிவில் நூற்றுப் பதினெட்டுப் பெண்கள். இரும்பு வளையத்தின் காடிப் பள்ளங்களுக்குள் செப்புக் கம்பிச் சுருளை விரலால் அழுத்தி நுழைக்கும் வேலை. எல்லாருடைய விரல்களிலும் பிளாஸ்திரி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பத்துப் பேரைப் பார்த்து, யார் வேலை செய்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்று டேப்லெட்டில் குறிப்பது என் வேலை.

முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் துளசிமணி. நாற்பத்தேழு வயது, இருபத்தொரு வருட அனுபவம். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் கற்றுக்கொடுப்பாராம். அரை மணி நேரம் என்னைக் கண்டுகொள்ளாமல் இருந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, காலு வலிக்கலீங்களா? நாங்க பத்து ரூவா வேலைய உக்காந்து செய்யறோம், நீங்க நின்னுட்டே அதைப் பார்த்து நூறு ரூவா வாங்குவீங்களாட்ட."

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மதியம் அவரே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

ஜூன் 6, வெள்ளி. கோவை

டம்மி ரிப்போர்ட்டை டிசைன் பிரிவுக்கு அனுப்பினேன். எழுத்து, நிறம் எல்லாவற்றையும் ஒரே சீராக்கித் தரவும் என்று ஒரு வரி. துணி துவைத்து ஓட்டல் மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டேன். சாம்பாரில் வெல்லம்.

ஜூன் 10, செவ்வாய். கோவை

நான்கு நாள் அளந்தாகிவிட்டது. சும்மா இருக்கும் நேரம் நூற்றுக்கு ஒன்பதுதான். அதுவும் சும்மா இல்லை. ஸ்டோரிலிருந்து கம்பி வராமல் காத்திருக்கிறார்கள். இன்று காலை நாற்பது நிமிடம் கம்பி வரவில்லை. துளசிமணி மூன்று தடவை ஆள் அனுப்பினார். ஸ்டோர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவரை அளக்க எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் துளசிமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எள்ளுப்பொடி போட்ட சோறு. ஒரு கை எனக்கும் வைத்தார். பிறகு மற்றவர்கள் காதில் விழாமல், "நெசத்தைச் சொல்லுங் கண்ணு. எங்களை ஆள் குறைக்கத்தானே வந்திருக்கறீங்?" என்று கேட்டார்.

வேலை எங்கே தடைபடுகிறது என்று பார்ப்பதற்குத்தான் வந்திருக்கிறோம் என்றேன். அது பதில் இல்லை என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரையும் எடுக்க நாங்க வரலக்கா. நான் அளந்திருக்கேன்ல. எடுக்கற மாதிரி ஒண்ணும் இல்ல."

"அது போதுமுங்" என்று எழுந்து கை கழுவப் போனார். பிற்பகல் வரிசையே கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டு வேலை செய்தது. என் ஒரு வார்த்தைக்கு அப்படி ஒரு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் 12, வியாழன். பெருங்குடி

முந்நூறாவது ஆள் சேர்ந்த விழா. கேக் வெட்டினார்கள். வரவேற்பறையில் மணி கட்டியிருக்கிறது, புதிய வாடிக்கையாளர் வந்தால் அடிப்போம். இன்று மூன்று தடவை அடித்தார்கள். முந்நூறாவது பையனுக்கு நாற்காலி இல்லை. கேக்கைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

ரகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை எழுதியிருக்கிறாராம். கோவை வேலை நல்லபடியாக முடிந்தால் உறுதி என்றார். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

ஜூன் 16, திங்கள். பெருங்குடி

தொழிற்சாலை எம்.டி. நாளை ஜெர்மனி போகிறாராம். அதனால் இருபத்து மூன்றாம் தேதி நடக்க வேண்டிய கூட்டத்தை இன்று காலையே நடத்திவிட்டார்கள். ரகு காலை விமானத்தில் தனியாகப் போனார். கையில் இருந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போனாராம்.

இரண்டு மணிக்குப் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அந்த இருபத்தெட்டு பர்சன்ட் ஸ்லைடுதான் சுகிர்தா. அதுல மனுஷன் எழுந்தே நின்னுட்டார். பத்து வருஷமா நான் சொல்லிட்டிருந்தேன், இப்பதான் ஒருத்தர் எண்ணா காட்டியிருக்கீங்கன்னு சொன்னார்."

வைண்டிங் பிரிவில் சும்மா இருக்கும் நேரம் நூற்றுக்கு இருபத்தெட்டு என்று அந்த ஸ்லைடில் இருந்திருக்கிறது. நூற்றுப் பதினெட்டில் இருபத்தெட்டு சதவீதம் என்றால் முப்பத்து மூன்று பேர். ஜூலை முதல் தேதிக்குள் முப்பத்து மூன்று பேரைக் குறைப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள்.

நான் அளந்தது ஒன்பது. அது இன்னும் என் டேப்லெட்டில்தான் இருக்கிறது, அறிக்கையில் ஏற்றவில்லை. அந்த இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மஞ்சளை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

டிசைன் பிரிவில் இருப்பவர்கள் கவனமில்லாதவர்கள். எதைக் கொடுத்தாலும் நீலமாக்கி அனுப்புவார்கள்.

ஜூன் 19, வியாழன். பெருங்குடி

ரகுவிடம் சொன்னேன். அவர் ஒரே நேரத்தில் ஐந்து வாடிக்கையாளர்களைப் பார்க்கிறார். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம், வீட்டில் இருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் மடிக்கணினியை மூடினார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தெரிந்தே செய்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரியாமல்தான் செய்திருக்கிறார்.

வெளுப்பு ஒரு நிமிடம்தான் இருந்தது.

"நாலு நாள் பார்த்திருக்க. நாலு நாள்ங்கறது சின்ன சாம்பிள். ஒன்பதுதான்னு எப்படி உறுதியா சொல்ற?"

"இருபத்தெட்டுன்னு யாருமே பார்க்கல ரகு. அது டம்மி."

"டைரக்ஷன் சரிதானே? அங்க ஆள் அதிகம்னு அவருக்கே தெரியும். இப்ப போய் நாங்க தப்பா காட்டிட்டோம்னு சொன்னா இந்த ஒரு வேலை மட்டும் போகாது. அந்த குரூப்ல இன்னும் நாலு ஃபேக்டரி இருக்கு. நீ திரும்பப் போ. மீதி பத்தொன்பது எங்க இருக்குன்னு பாரு."

மீதி பத்தொன்பது. மேசை இடுக்கில் விழுந்த பேனாவைத் தேடச் சொல்வதுபோலச் சொன்னார்.

கதவருகே போனபோது, அந்த எண்ணை முதலில் போட்டது யார் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஜூன் 21, சனி. விடுதி

நஸ்ரினும் நானும் ஒரே அறை. காலையில் அவள் தலைக்கு மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மருதாணி படாத கையால் என் மடிக்கணினியை இழுத்து, கோப்பின் பழைய வடிவங்களைத் திறந்தாள். யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்று அதில் எல்லாம் இருக்கும். இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஐந்து நாளாகத் திறக்காமல் இருந்தேன்.

ஜூன் 3, மதியம் 12.40. என் பெயர். இருபத்தெட்டு.

எழுதிவிடுகிறேன். பதினேழாம் பக்கத்தில் என்ன போடலாம் என்று தோன்றாமல் முன்னால் பார்த்தேன். என் இருக்கை எண் எழுதியிருந்தது. அதைப் போட்டேன். மஞ்சள் அடித்தேன். அடித்தேன் என்பது உண்மை. பிறகு நிறங்களை ஒரே சீராக்கச் சொல்லி டிசைன் பிரிவுக்கு அனுப்பியதும் நான்தான். அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். மஞ்சள் எங்கள் கம்பெனி நிறம் இல்லை.

நஸ்ரின் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு சொன்னாள்: "ரகுகிட்ட எதையும் மெயில்ல எழுதாதடி. போன்ல பேசு. எழுதினா அது உன் தலைல நிக்கும்."

"அந்த முப்பத்து மூணு பேரு?"

"அவங்களுக்கு என்ன பதில்னு எனக்குத் தெரியல. உனக்கு என்ன பதில்னுதான் சொன்னேன்."

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. வாணியம்பாடி வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இருவர் படிக்கிறார்கள். குளித்துவிட்டு வந்து எனக்குத் தோசை ஊற்றினாள்.

ஆனாலும் முதல் நாள் இங்கே எழுதியதை நான் அடித்து நீக்க மாட்டேன். முறைதான் பித்தலாட்டம். நான் அந்த முறைப்படி நடந்தேன்.

ஜூன் 24, செவ்வாய். கோவை

மீதி பத்தொன்பதைத் தேடினேன்.

டீ குடிப்பதை சும்மா இருப்பதில் சேர்த்தேன். கழிவறைக்குப் போவதைச் சேர்த்தேன். கத்தரிக்கோல் துடைப்பது, கிழிந்த பிளாஸ்திரியை மாற்றுவது, கம்பி கேட்டு ஸ்டோருக்கு நடப்பது எல்லாவற்றையும் சேர்த்தேன். இருபத்து மூன்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ரகுவுக்குச் செய்தி அனுப்பினேன். இருபத்து மூன்று இருந்தால் இருபத்தெட்டு ரேஞ்சுதான், போதும் என்று உடனே பதில் வந்தது. கட்டை விரல் படத்தோடு.

மாலையில் துளசிமணி ஸ்டூலை எடுத்து வைக்கும்போது சொன்னார்:

"போன தடவ வந்தப்ப எங்க கையப் பார்த்தீங் அம்மிணி. இந்தத் தடவ காலப் பார்க்கறீங்."

நான் டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி. பெருங்குடி

பதவி உயர்வு வந்துவிட்டது. அம்மா அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆண்டவருக்கு நன்றி கூறிச் சாட்சி சொல்லப் போகிறாளாம்.

ஜூலை 1, செவ்வாய். கோவை

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். புதிய முறையை அமல்படுத்துவதைக் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று என்னை அனுப்பியிருந்தார்கள். பர்சனல் மேனேஜர் சபாபதி நோட்டீஸ் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அந்த யோசனை எங்களுடையது இல்லை. நாங்கள் எண்ணைத்தான் கொடுத்தோம்.

நான்காவது பெயர் துளசிமணி.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று பயந்து நான் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தேன். ஒரு பெண், இருபது வயது இருக்கும், துளசிமணியிடம் வேலை பழகியவள், பட்டியலில் தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் அவர் பக்கம் திரும்பாமலே போய் வரிசையில் உட்கார்ந்தாள். துளசிமணி சபாபதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதை வைத்து?

"என்னைக் கேட்டா நான் என்னங் பண்றது? ரிப்போர்ட்டு சொல்லுதுங். மெட்ராஸ்ல இருந்து படிச்சவங்க வந்து, நின்னு, பார்த்து எழுதுனது. இந்தா, அந்தப் புள்ளையே நிக்குது, கேளுங்."

எல்லாரும் திரும்பினார்கள். துளசிமணி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். வாய் திறந்திருக்குமா என்று தெரியாது.

ஜூலை 3, வியாழன். பெருங்குடி

எம்.டி.க்கு ஒரு மெயில் எழுதினேன். ஏழு வரிதான். பதினேழாம் பக்கத்தில் உள்ள எண் அளந்து எடுத்தது இல்லை, அளந்தது ஒன்பது, அதற்கும் காரணம் உங்கள் ஸ்டோர், இப்படிக்கு சுகிர்தா. அனுப்பினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரைவில் இருக்கிறது.

உதடு உரிகிறது. வரவேற்பறை மணி இரண்டு தடவை அடித்தது.

ஜூலை 4, வெள்ளி

இன்னும் வரைவில்தான்.

ஜூலை 7, திங்கள். பெருங்குடி

துளசிமணி போன் செய்தார். சபாபதியின் மேசையில் இருந்த என் விசிட்டிங் கார்டை யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்து மூன்று பேரும் தொழிற்சங்கத்துக்காரரைப் பிடித்துத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை பதினொரு மணிக்கு இரு தரப்பையும் கூப்பிட்டிருக்கிறார் அதிகாரி. கம்பெனி தரப்பில் எங்கள் அறிக்கையைத்தான் காட்டப் போகிறார்களாம்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நீங்க யாரையும் எடுக்க வரலேன்னு என்றகிட்டச் சொன்னீங். அதை நம்பி நானும் அத்தன பேருகிட்டச் சொல்லிப்போட்டேன். இப்ப என்னைய எல்லாரும் கேக்கறாங்க அம்மிணி. நீங்க வந்து ஆப்பீசர் முன்னாடி சொல்லுங். பார்த்துத்தான் எழுதுனோம்னாலும் சொல்லுங், பார்க்காம எழுதுனோம்னாலும் சொல்லுங். ஏதோ ஒண்ணு உங்க வாயால வரட்டும்."

வருகிறேன் என்றேன். சொன்ன கையோடு செவ்வாய் இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தேன். மூன்று வாரத்தில் இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய். பெருங்குடி

விடுப்புக் கேட்டதும் ரகுவுக்குப் புரிந்துவிட்டது. கோவையில் இருந்து சபாபதி ஏற்கெனவே பேசியிருக்கிறார். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"போகாதேன்னு நான் சொல்லல. போ. ஆனா அங்க அந்த எண்ணைப் போட்டது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. ஃபைலை நானும் திறந்து பார்த்துட்டேன் சுகிர்தா. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

தெரியவில்லை என்று அன்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய மஞ்சள் வடிவங்களையெல்லாம் கோப்பிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டாராம். எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றி என்றேன். ஏன் சொன்னேன்?

விடுதிக்கு வந்து பையில் துணி எடுத்து வைத்தேன். ரயில் ஒன்பது மணிக்கு. மழை வருகிற மாதிரி இருக்கிறது. ஓ.எம்.ஆர். சாலையில் வண்டி நகராது.

ஜூலை 9, புதன். பெருங்குடி

நாற்காலி கிடைத்தது, ஜன்னல் ஓரத்தில். ஒன்பதரைக்குப் புதிய வாடிக்கையாளரோடு அறிமுகக் கூட்டம், பதினொன்றரை வரை இழுத்தது. குறிப்பு எடுத்தேன். காபி ஆறிவிட்டது. நஸ்ரின் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை.

கைப்பேசியில் துளசிமணியிடமிருந்து எட்டு அழைப்புகள். 11.05க்கு ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி. மாடிப்படியில் நின்று கேட்டேன். பின்னால் நிறையப் பெண்களின் குரல்கள், ஏதோ வண்டிச் சத்தம்.

"அம்மிணி, உள்ள கூப்பிட்டாங்க. ரிப்போர்ட்டு எழுதுன புள்ளை வருதுன்னு நான் ஆப்பீசர்கிட்டச் சொல்லிட்டேன். பத்து நிமிசம் பார்க்கலாம்ங்கறாரு. நான் வாசல்லயேதான் நிக்கறேன். எங்க வந்துட்டிருக்கீங்கன்னு சொல்லுங்."

12.20க்கு இன்னொன்று. இதில் பின்னால் சத்தம் எதுவும் இல்லை.

"கம்பெனிக்காரங்க உங்க ரிப்போர்ட்டப் படிச்சுக் காட்டுனாங்க. நாங்க நூறு நிமிசத்துல இருபத்தெட்டு நிமிசம் சும்மா இருந்தமாம். ஆப்பீசரு எங்களைப் பார்த்து, இதுக்கு என்ன சொல்றீங்கங்கறாரு. முப்பத்து மூணு பேரு நிக்கறோம், என்ன சொல்றதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்க வர வேண்டாமுங். போன்லயாச்சும் சொல்லுங், ஸ்பீக்கர்ல போடறேன். நாங்க சும்மா உக்காந்திருந்ததை நீங்க பார்த்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்."